தவளைக்குட்டைய நாங்களேதான் மூடினோம்

2019 கோடை யாருக்கும் மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு, ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல சென்னைக்குத் தண்ணி வந்துச்சு, செங்கல்பட்டு பக்கம் எங்க லேஅவுட்ல ஒரு லாரி தண்ணிக்கு நாள் கணக்கா காத்துக்கிட்டு இருந்தோம். எங்க தெரு முடியுற எடத்துல ஒரு சின்ன ஏரி இருக்கு, ஊர்க்காரங்க தாங்கல்னுதான் சொல்லுவாங்க. அதைத் தூர்வாரினா நம்ம போர்ல தண்ணி ஏறும்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணி, வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு, வீடு வீடா காசு வசூல் பண்ணி, அனுமதியெல்லாம் வாங்கி, மே மாசம் ஜேசிபி எறக்கினோம். நானும் தெனம் சாயங்காலம் ஒரு குடம் மோர் கலக்கி எடுத்துட்டுப் போய் கரைல நிப்பேன், அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

மூணாவது நாள் பக்கெட் மேல வரும்போது மண்ணோட மண்ணா ஏதோ உருண்டு விழுந்துச்சு. கல்லுன்னு நெனச்சோம். டிரைவர் தம்பிதான் எறங்கி வந்து குனிஞ்சு பாத்துட்டு "அக்கா, ஆமைக்கா"ன்னான். பால் ஆமை. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும், ஓட்டுல பக்கெட்டோட பல்லு குத்தி குறுக்கால வெடிச்சிருந்துச்சு, வெடிப்புக்குள்ள செவப்பா தெரியுது, ஆனா உயிர் இருக்கு, கழுத்த மெதுவா வெளிய நீட்டுது, திரும்ப இழுத்துக்குது, திரும்ப நீட்டுது. வனத்துறைக்கு ஃபோன் பண்ணோம், அவங்க வந்து ஈரச்சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போனாங்க, மறுநாள் காலைல செத்துருச்சுன்னு சொன்னாங்க.

அப்போ எங்க யாருக்குமே தெரியாது, ஏரி காஞ்சா பால் ஆமை அந்த ஏரியோட சேத்துக்குள்ளயே பொதஞ்சு படுத்துக்கும், மண்ணு மேல பாளமா வெடிச்சாலும் அது உள்ள அசையாம கெடந்து அடுத்த மழைக்குத்தான் எந்திரிக்கும்னு. நம்ம தூர்வாருறது எப்போ? கோடைல, ஏரி நல்லா காஞ்சப்புறம். அதாவது அது எழுந்து ஓடவே முடியாத நேரம் பாத்து ஜேசிபி எறக்குறோம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்குற அதே முதல் அட்டவணைலதான் பால் ஆமையும் இருக்கு, அது எங்க குரூப்ல ஒருத்தருக்கும் தெரியல. அன்னைக்கு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. லாரில ஏத்திவிட்ட மண்ணுல எத்தனை போச்சோ, அதை நெனச்சா இப்பவும் வயித்தப் பெசையுது.

அப்புறம் மழை வந்துச்சு, தாங்கல் ரொம்புச்சு, எல்லாரும் கரைல நின்னு ஃபோட்டோ எடுத்தோம். ஆழமா, நேரா வெட்டின கரை, சுத்தமான தண்ணி, பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா ராத்திரி சத்தமே இல்ல. முன்னெல்லாம் முதல் பெரிய மழை பேஞ்ச அன்னைக்கு டிவி சவுண்ட ஏத்திதான் வைக்கணும், அப்படி கத்தும். அந்த வருஷம் தண்ணிப்பரப்புல தத்தி ஓடுற சின்னத் தவளைங்க சத்தம் மட்டும் அங்கங்க கேட்டுச்சு, பெரிய தவளை ஒண்ணு கூட இல்ல. நான் பெருசா எடுத்துக்கல. ஆடு மேய்க்குற தாத்தா ஒருத்தர் இருக்கார், அவர்தான் ஒரு நாள் கரைல வெச்சு கேட்டார். "ஏம்மா, அந்த வடமேற்கு மூலைல மாடு கால் நனையுற அளவுக்கு தண்ணி நிக்குமே, தவளைக்குட்டை, அத ஏம்மா மேடாக்குனீங்க? தவளை எங்க போய் முட்டை போடும்?"

ஏரில அவ்ளோ தண்ணி நிக்குதே தாத்தா, அங்க போடட்டுமேன்னு சொன்னேன். அவர் சிரிச்சுட்டு "மீனு விடுமா?"ன்னார்.

இந்த ரெண்டு வார்த்தைலதான் எல்லாம் இருக்கு, அது புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. எங்க குரூப்ல விலங்கியல் படிக்குற தம்பி ஒருத்தன் இருக்கான், அவன்தான் உக்கார வெச்சு வெளக்கினான். தலைப்பிரட்டை மீனுக்கு அல்வா மாதிரி. வருஷம் பூரா தண்ணி நிக்குற எடத்துல மீன் இருக்கும், அதுவும் இப்போ எங்க பாத்தாலும் ஜிலேபி மீன், ஆப்பிரிக்கக் கெளுத்தி, கொசுவ ஒழிக்கன்னு கொண்டுவந்து விட்ட சின்ன மீன், எல்லாமே வெளிநாட்டுல இருந்து வந்தது, முட்டை தலைப்பிரட்டை எதையும் விட்டு வைக்காது. அதனால நெறைய தவளைங்க தேடிப் போறது, மழைக்கு ரொம்பி கோடைல காஞ்சு போற ஆழமில்லாத குட்டையத்தான். காஞ்சு போறதுதான் அந்தக் குட்டையோட சிறப்பே, காஞ்சா அதுல மீன் தங்காது. வெயில் பட்டு தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், பாசி நல்லா பிடிக்கும், தலைப்பிரட்டை அதைத் தின்னு மாசம் ஒன்றரை மாசத்துல கால் மொளச்சு கரையேறிடும், அப்புறம் குட்டை காஞ்சா என்ன காயாட்டி என்ன. நாங்க அந்த மூலையத்தான் "தண்ணி வீணா பரவி நிக்குது"ன்னு சொல்லி, தோண்டின மண்ணையே கொட்டி மேடாக்கி அதுமேல கரை போட்டோம்.

கரை நேரா வெட்டுனதுலயும் ஒரு பிரச்சனை. ஆமை வெயில் காயவும் முட்டை போடவும் கரையேறணும், தவளைக்குஞ்சு வெரல் நுனி அளவுதான் இருக்கும், அது ஏறி வரணும், தண்ணிப்பாம்பு கோரைக்கு நடுவுல தவளை தேடணும். எல்லாத்துக்கும் வேண்டியது தண்ணியும் தரையும் மெதுவா ஒண்ணோட ஒண்ணு கலக்குற அந்த ஓரம். நம்ம ஊர்ல இன்னைக்கு ஏரி புனரமைப்புன்னு நடக்குற எடத்துல எல்லாம் மொதல்ல போறது அந்த ஓரம்தான், அதை வெட்டி நேராக்கி கல்லு பதிச்சு மேல நடைபாதை போட்டுடுறாங்க. தண்ணியோட கொள்ளளவுக்குக் கணக்கு இருக்கு, ஓரத்துக்கு யார்கிட்டயும் கணக்கு இல்ல. கெட்ட எண்ணத்துல யாரும் செய்யல, நாங்களும் நல்ல எண்ணத்துலதான் செஞ்சோம், அதுனாலதான் இதை எழுதுறேன், ஏன்னா இந்த ஆர்வத்தோட இன்னைக்கு எத்தனையோ ஊர்ல இளைஞர்கள் ஞாயித்துக்கிழமை மம்பட்டியோட எறங்குறாங்க.

2020ல லாக்டவுன் கொஞ்சம் தளர்ந்ததும் நாங்க ஆறேழு பேர் தாத்தாவைக் கூட்டிக்கிட்டு வடமேற்கு மூலைக்குப் போனோம். அவர் கோலால கோடு கிழிச்சுக் காட்டினார், இங்க இருந்து இது வரைக்கும்னு. ஜேசிபி வேணாம்னு முடிவு பண்ணி மம்பட்டியாலயே வெட்டினோம், பல வாரம் ஆச்சு, கை பூரா காப்பு காச்சிருச்சு. கரைய சரிவா இழைச்சு விட்டு, அதுக்கு வெளிய, ஏரியோட சேராம, ரெண்டு குட்டை. ஒண்ணு கணுக்கால் ஆழம், இன்னொண்ணு முட்டி ஆழம். ஏரித்தண்ணி உள்ள வரக்கூடாது, வந்தா மீனும் வந்துரும், அதனால மழைத்தண்ணி மட்டும் எறங்குற மாதிரி நடுவுல ஒரு வரப்பு. ஓரத்துல விழுந்து கெடந்த வேப்பமரத் துண்டு நாலு, கல்லுக் குவியல் ஒண்ணு, தென்னை ஓலை கொஞ்சம் போட்டு விட்டோம், பகல்ல தவளையும் அரணையும் ஒதுங்க நெழல் வேணும்ல. எங்க லேஅவுட்ல சருகு கூட்டி எரிக்குற பழக்கம் இருந்துச்சு, கரைய ஒட்டி மட்டுமாவது எரிக்காதீங்கன்னு கெஞ்சினோம், எரிஞ்ச சருகுக்குள்ள என்னென்ன கெடந்துச்சுன்னு ஒரு தடவை அந்தத் தம்பி கெளறிக் காட்டினதுக்கு அப்புறம்தான் நிறுத்தினாங்க.

அந்த வருஷம் ஒண்ணும் பெருசா வரல. மனசு விட்டுருச்சு. ஆனா அடுத்த வருஷம் முதல் பெரிய மழை ராத்திரி நான் டார்ச் எடுத்துட்டுப் போய் நின்னேன் பாருங்க, அந்தக் கணுக்கால் தண்ணில எலுமிச்சம்பழக் கலர்ல பத்து பன்னெண்டு பெரிய தவளை. மத்த நாள்ல பச்சையும் பழுப்புமா இருக்குற அதே தவளைதான், ஆண் தவளைங்க மட்டும் மழை வந்ததும் இப்படி மஞ்சளா மாறிடும், கத்தும்போது தொண்டைக்கு ரெண்டு பக்கமும் பளிச்சுனு நீலமா ரெண்டு பை உப்பும். மஞ்சள்ல நீலம், டார்ச் வெளிச்சத்துல. முழங்கால் வரைக்கும் சகதில நின்னுக்கிட்டு அழுதேன். இந்தத் தவளையோட காலுக்குத்தான் ஒரு காலத்துல ஏற்றுமதி கம்பெனிக்காரங்க அலைஞ்சாங்க, டன் டன்னா வெளிநாடு போச்சு, தவளை கொறைஞ்சு வயல்ல பூச்சி பெருகுதுன்னு கவலை வந்து 1987ல அரசாங்கம் ஏற்றுமதிய தடை பண்ணுச்சு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல சாக்கோட வந்து புடிச்சுட்டுப் போவாங்கன்னு தாத்தா சொல்லுவார். தவளை தன் வாயால் கெடும்னு நம்ம சொல்றோம், ஆனா அது கத்தலேன்னா ஜோடி ஏது, அடுத்த தலைமுறை ஏது.

இப்போ எங்க வேலை பெரும்பாலும் ராத்திரி வேலை. ஏரிக்கும் காலி மனைங்களுக்கும் நடுவுல லேஅவுட் ரோடு போகுது, கோடை பூரா காலி மனை மண்ணுக்குள்ள பொதஞ்சு கெடந்ததெல்லாம் மழை வாசம் பட்டதும் ரோட்டக் கடந்து குட்டைக்கு வரும், வண்டில நசுங்கும். பெரிய மழை அன்னைக்கு ஏழு மணில இருந்து பத்து பத்தரை வரைக்கும் ரெண்டு ரெண்டு பேரா நின்னு வாளில எடுத்து அந்தப் பக்கம் விடுறோம், எந்தப் பக்கம் பாத்துப் போகுதோ அந்தப் பக்கம்தான் விடணும், திருப்பி விட்டா மறுபடி ரோட்டுக்கே வரும். கைய நல்லா நனைச்சுக்கணும், சானிடைசர், கொசு க்ரீம் எதுவும் கைல இருக்கவே கூடாது, தவளை தோலாலயும் மூச்சு விடுது, தோல் வழியாத்தான் தண்ணி குடிக்குது, நம்ம கைல இருக்குறது அப்படியே உள்ள போயிரும். எனக்கு ரொம்பப் பிடிச்சது பலூன் ஊதின மாதிரி உருண்டையா, மூஞ்சி சின்னதா ஒரு தவளை வரும், வருஷத்துல பெரும்பாலான நாள் மண்ணுக்குள்ளதான் இருக்கும், கரையான் எறும்புதான் சாப்பாடு, பின்னங்காலால மண்ணத் தள்ளித் தள்ளி பின்பக்கமாவே உள்ள எறங்கிடும். கைல எடுத்தா இன்னும் உப்பும்.

தேரைக்குத்தான் கஷ்டம். தேரை விழுந்த தேங்காய்னு ஒரு பேச்சு இருக்குல்ல, உள்ள பருப்பில்லாம ஒல்லிக்காயா போனா தேரை மேல பழி. அது மகரந்தச் சேர்க்கை சரியா நடக்காததாலயும் சத்து கொறைபாட்டாலயும் வர்றது, தேரைக்கும் தேங்காய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா அந்தப் பேச்சால தொடப்பத்துல அடிச்சு வெளிய போடுறவங்க இன்னும் இருக்காங்க. எதிர்வீட்டு பாட்டி அப்படித்தான் இருந்தாங்க, அவங்க பேத்திய ஒரு ராத்திரி வாளி தூக்க கூட்டிட்டுப் போனோம், இப்போ பாட்டியே ஃபோன் பண்ணி "உங்காளு ஒண்ணு எங்க வாசல்ல உக்காந்திருக்கு, வந்து எடுத்துட்டுப் போ"ங்குறாங்க.

தவளை வந்தா பாம்பு வரும். இதை மறைச்சு வெச்சு யார்கிட்டயும் நாங்க பேசுறதில்ல. ரெண்டாவது வருஷமே கார் நிறுத்துற எடத்துல தண்ணிப்பாம்பு, மாடிப்படிக்கு அடில சாரைப்பாம்பு, "உங்களாலதான்"னு குரூப்ல ஒரே சண்டை, புதரெல்லாம் வெட்டி சிமெண்ட் போடணும்னு ஒரு தரப்பு. அவங்க பயம் ஞாயமான பயம். 2000ல இருந்து 2019 வரைக்கும் இந்தியால வருஷத்துக்கு சராசரியா 58,000 பேர் பாம்புக்கடில செத்திருக்காங்கன்னு ஆய்வு சொல்லுது, அதை வெச்சுக்கிட்டு பாம்பு ஒண்ணும் பண்ணாதுன்னு நான் எப்படிச் சொல்றது? அதனால நாங்க ரெண்டு வேலையையும் சேத்தே செய்யுறோம். ராத்திரி நடக்கும்போது டார்ச், காலுக்கு ஷூ, தரைல படுக்குறவங்களுக்கு கொசுவலை, வாசல்ல சாப்பாட்டுக் குப்பை போடக்கூடாது, ஏன்னா குப்பைக்கு எலி வரும், எலிக்குத்தான் நாகமும் கண்ணாடி விரியனும் வரும். கடிச்சா கயிறு கட்டாதே, கீறாதே, வாய் வெச்சு உறியாதே, கைகால அசைக்காம வெச்சுக்கிட்டு நேரா விஷமுறிவு மருந்து இருக்குற ஆஸ்பத்திரிக்கு. எங்க பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஃபோன் நம்பர் எல்லா வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் ஒட்டியிருக்கு.

பாம்ப நாங்க தொடுறதில்ல, இதுல எங்களுக்கு விட்டுக்குடுக்குற பேச்சே இல்ல. வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ சொல்லிட்டு, அவங்க வர்ற வரைக்கும் தூரமா நின்னு அது எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டா போதும். யூட்யூப் பாத்துட்டு கொக்கிக் கம்பி வாங்கிட்டு வந்த ஒரு பையன்கிட்ட நான் சண்டையே போட்டிருக்கேன். ஓலைப்பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் வித்தியாசம் ஃபோட்டோல எல்லாருக்கும் சொல்லித் தர்றோம், ஓலைப்பாம்புக்கு வெள்ளைப் பட்டை கழுத்துப் பக்கம் நல்லாத் தெரிஞ்சு வாலுக்குப் போகப் போக மங்கும், கட்டுவிரியனுக்குத் தலைய ஒட்டி பட்டை இருக்காது, தள்ளி ஆரம்பிச்சு வால் வரைக்கும் போகும். ஆனா ராத்திரி பதட்டத்துல இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, தெரியாத பாம்பு எல்லாமே கட்டுவிரியன்னு வெச்சுக்கோங்கன்னுதான் முடிப்போம்.

இருளர் அண்ணன் ஒருத்தர் எப்பவாவது எங்களோட கரைல நடப்பார். அவர் சொந்தக்காரங்க சில பேர் வடநெம்மேலி பாம்புப்பண்ணைல, 1978ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவு சங்கத்துல, விஷம் எடுக்குற வேலை பாத்தவங்க, இந்தியால விஷமுறிவு மருந்து தயாரிக்க விஷம் போறது பெரும்பாலும் அங்க இருந்துதான். அவர் கரைல அஞ்சு நிமிஷம் குனிஞ்சு நடந்தார்னா போதும், இது உடும்பு வால் இழுத்த தடம், இது நேத்து உரிச்ச சாரைச் சட்டை, இந்த எலி வளைல இப்போ எலி இல்லன்னு சொல்லிக்கிட்டே போவார். நாங்க அதே எடத்துல பல வருஷமா நடக்குறோம், எங்க கண்ணுக்கு வெறும் மண்ணு. கரைல உடும்பு இருக்குன்னு அவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும், அதை வெளிய சொல்லாதீங்கன்னும் அவர்தான் சொன்னார், கறிக்குப் புடிக்க வந்துருவாங்க. அதனால ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல தவளை, அரணை எல்லாம் ஃபோட்டோவோட ஏத்துவோம், உடும்பையும் ஆமையையும் மட்டும் எடம் மறைச்சுத்தான் ஏத்துவோம்.

மறுபடி தூர்வாருற பேச்சு போன வருஷம் வந்துச்சு. வேணாம்னு சொல்லல, வண்டல் சேரத்தான் செய்யுது, போர்ல தண்ணியும் வேணும். ஆனா எங்க தரப்புல கேட்டோம், ஒரே கோடைல மொத்த ஏரியையும் தோண்டாம பாதி பாதியா செய்யலாமா, ஜேசிபி எறங்குறதுக்கு முன்னாடி சேறு காயாம இருக்குற பள்ளத்த எல்லாம் குச்சி வெச்சு மெதுவா குத்திப் பாக்கலாமா, பக்கெட் கூடவே ஒரு ஆள் நடக்கலாமான்னு. ஒத்துக்கிட்டாங்க. நான் முறை போட்டு நடந்தேன். நாலாவது நாள் குச்சி நுனில டொக்குனு ஒரு சத்தம். கையால மண்ண விலக்கினா ஓடு, வழவழன்னு. வனத்துறை ஆள் வந்து பாத்து, ஏரியோட தோண்டாத பாதில, ஈரம் இருக்குற எடத்துல கொண்டுபோய் விட்டாங்க. கீழ வெச்சதும் கொஞ்ச நேரம் சும்மாவே இருந்துச்சு, பின்னங்கால உள்ள இழுத்து அடில இருக்குற ரெண்டு தோல் மடிப்பால கதவு சாத்துற மாதிரி மூடிக்கிட்டு. அப்புறம் முன்னங்காலால சேத்த ரெண்டு பக்கமும் ஒதுக்கி ஒதுக்கி, கண்ணு முன்னாடியே உள்ள போயிருச்சு, மேல ஒரு குழி கூட இல்ல.

இப்போ நடைபாதை வரப்போகுது. சுத்திலும் கல்லு பதிச்ச கரை, லைட்டு, பெஞ்சு. லேஅவுட்ல பெரியவங்களுக்கு நடக்க எடம் வேணும்னு ரொம்ப நாளா கேக்குறாங்க, எங்க அம்மாவும் அதுல ஒருத்தர். வடமேற்கு மூலைய மட்டும் விட்டுருங்க, அங்க கல்லும் வேணாம் லைட்டும் வேணாம், நடைபாதை அந்த எடத்துல கொஞ்சம் வெளிய வளைஞ்சு போகட்டும்னு மனு குடுத்தோம். இன்ஜினியர் சார் மேப்ப பாத்துட்டு அங்க என்னம்மா இருக்கு, வெறும் பள்ளம்தானேன்னார். ராத்திரி எட்டு மணிக்கு வாங்க சார்னேன். மழை விட்டு சொட்டிக்கிட்டு இருந்த ஒரு நாள் நெஜமாவே வந்தார், பேண்ட்ட மடிச்சு விட்டுக்கிட்டு. முட்டி ஆழக் குட்டை ஓரத்துல கோரைல, தண்ணிக்கு ஒரு சாண் மேல, சோப்பு நுரை மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. மரத்தவளை கூடு சார், பெண் தவளை ஒரு திரவத்த விட்டு பின்னங்காலால முட்டை அடிக்குற மாதிரி அடிச்சு நுரையாக்கி அதுக்குள்ள முட்டைய வைக்கும், நாலஞ்சு நாள்ல உள்ளயே பொரிஞ்சு குஞ்சு தண்ணிக்குள்ள சொட்டும், கீழ தண்ணி இல்லேன்னா அவ்ளோதான்னு அந்தத் தம்பி சொல்லிக்கிட்டு இருக்கும்போதே நுரைக்கு அடில ஒண்ணு நெளிஞ்சு, தொங்கி, கீழ விழுந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. சார் குத்துக்கால் போட்டு உக்காந்துட்டார். ரொம்ப நேரம் எதுவும் பேசல.

எந்திரிக்கும்போது எத்தனை அடி விடணும்னு கேட்டார். நூத்தம்பது அடின்னேன். செல்ஃபோன் வெளிச்சத்துல மேப்புல பென்சிலால குறிச்சுக்கிட்டார். கையெழுத்து இன்னும் ஆகல, அடுத்த வாரம் மறுபடி ஆஃபீஸ் போறோம், தாத்தாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார்.